.22 ரைஃபிளில் 300 மீட்டர் வரை: தோட்டா சோதனை முதல் காற்றுக் கணக்கு வரை முழுமையான வழிகாட்டி

50 மீட்டரில் ஒரே ஓட்டையாகக் குரூப் (அடுத்தடுத்துச் சுட்ட குண்டுகள் விழுந்த கூட்டம்) போடும் .22 ரைஃபிள், 200 மீட்டருக்குப் போனதும் மேலும் கீழுமாகச் சிதறும். பலர் முதலில் ஸ்கோப்பைச் (குறிபார்க்கும் தொலைநோக்கி) சந்தேகிப்பார்கள், அடுத்து பேரலை, அதாவது குழலை. பெரும்பாலும் இரண்டின் மேலும் தப்பில்லை. குற்றவாளி தோட்டாப் பெட்டிக்குள் இருக்கிறது.

ஒரு .22 எல்ஆர் தோட்டாவில் வழக்கமான குண்டு 40 கிரெயின், அதாவது 2.6 கிராம். போட்டிக்கென்று தயாராகும் மேட்ச் வகைத் தோட்டா வினாடிக்கு 325 முதல் 330 மீட்டர் வேகத்தில் கிளம்பும். ஒரே பெட்டியில் இரண்டு தோட்டாக்களுக்கு இடையே வினாடிக்கு 10 மீட்டர் வேக வித்தியாசம் இருந்தால், 50 மீட்டரில் உயர வித்தியாசம் 7 மி.மீ. மட்டுமே. குரூப்புக்குள் அது தெரியவே தெரியாது. அதே வித்தியாசம் 100 மீட்டரில் சுமார் 3 செ.மீ., 200 மீட்டரில் 12 செ.மீ., 300 மீட்டரில் 30 செ.மீ. ஆகிவிடும். ஆகவே தூரத்து இலக்கைப் பார்க்கும்போது மேல்-கீழ்ப் பரவலையும் இட-வலப் பரவலையும் தனித்தனியாகப் படிக்கப் பழகுங்கள். மேல்-கீழ் பெரும்பாலும் தோட்டாவின் வேகம். இட-வலம் பெரும்பாலும் காற்று. இரண்டையும் சேர்த்து 'குரூப் பெரிசு' என்று முடித்துவிட்டால் எதைத் திருத்துவது என்றே தெரியாது.

.22-இல் தூரத்து இலக்கைச் சுடும் இந்த விளையாட்டு வேரூன்றியிருப்பது அமெரிக்காவில். என்ஆர்எல்22 என்ற தொடரின் போட்டிகள் 100 யார்டுக்குள் நடக்கும். பிஆர்எஸ் ரிம்ஃபயர் என்ற இன்னொரு தொடரின் போட்டிகளில் 300 யார்டும் அதற்கு மேலும் வரும். இந்தியாவில் .22 என்றால் 50 மீட்டர் புரோன் (படுத்துச் சுடுவது), த்ரீ பொசிஷன் (மண்டியிட்டும் படுத்தும் நின்றும் சுடுவது)தான். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்றது அந்த 50 மீட்டர் த்ரீ பொசிஷனில். கீழே சொல்லும் தோட்டா சோதனையும் டிரிகர் பயிற்சியும் 50 மீட்டர்காரர்களுக்கும் அப்படியே பொருந்தும். ஸ்கோப், தூரக் கணக்கு எல்லாம் 100 மீட்டருக்கு மேல் ரேஞ்ச் உள்ள நாட்டில் இருப்பவர்களுக்கு.

முதலில் பாதுகாப்பு

.22 சின்னத் தோட்டா என்ற அலட்சியம் வேண்டாம். மேல்நோக்கிப் போன குண்டு ஒரு மைலையும் தாண்டிப் போகும். தூரத்து இலக்குக்குக் குழல் மேல்நோக்கியே இருக்கும் என்பதால், இலக்குக்குப் பின்னால் உயரமான மண்மேடு இல்லாத இடத்தில் சுடவே கூடாது. உரிமம் பெற்ற ரேஞ்ச், உங்கள் பெயரில் செல்லுபடியாகும் ஆவணங்கள், கண்ணாடி, காதடைப்பான் எல்லாம் இருக்க வேண்டும். ஆள் இலக்குப் பக்கம் போகும்போது போல்ட் திறந்திருக்க வேண்டும், சேம்பரில் (குழலில் தோட்டா உட்காரும் இடம்) கொடி செருகியிருக்க வேண்டும்.

இரும்புத் தகட்டு இலக்கை மேல் விளிம்பு முன்னால் சரிந்திருக்கும்படி தொங்கவிடுங்கள். ஈயச் சில்லுகள் தரையை நோக்கித் தெறிக்கும். பள்ளம் விழுந்த தகட்டைத் தூக்கிப் போடுங்கள், அதில் பட்டது எந்தப் பக்கம் திரும்பும் என்று சொல்ல முடியாது.

டிரிகர் இழுத்தும் வெடிக்கவில்லை என்றால், குழலை இலக்கு நோக்கியே வைத்து 30 வினாடி காத்திருந்து போல்ட்டைத் திறக்கவும். வழக்கத்தைவிடப் பலவீனமான 'பொப்' சத்தம் வந்தால் அடுத்த தோட்டாவை ஏற்றவே கூடாது. ரைஃபிளை வெறுமையாக்கி, போல்ட்டைக் கழற்றி, குண்டு குழலுக்குள் சிக்கியிருக்கிறதா என்று ராடு விட்டுப் பாருங்கள். சுட்டு முடித்ததும் சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். ஈயத் தூள் விரலில் ஒட்டியிருக்கும்.

ரைஃபிள்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. மேட்ச் சேம்பர் உள்ள நல்ல போல்ட் ஆக்‌ஷன் போதும். சிஇசட் 457, டிக்கா டி1எக்ஸ், பெர்காரா பி-14ஆர் போன்றவை பெட்டியிலிருந்து எடுத்த நிலையிலேயே 200 மீட்டர் போகும். குழல் நீளம் 16 முதல் 24 அங்குலத்துக்குள் எதுவானாலும் சரி. .22-இன் கொஞ்சம் வெடிமருந்து 16–18 அங்குலத்திலேயே வேலையை முடித்துவிடுகிறது, நீளக் குழல் வேகத்தை உயர்த்தாது. ரைஃப்ளிங் (குண்டைச் சுழலவைக்கக் குழலுக்குள் வெட்டிய வரிகள்) திருகு 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்பதுதான் வழக்கம்.

ஸ்டாக்கில் (ரைஃபிளின் கட்டை) மட்டும் கவனம் தேவை. கண் தானாக ஸ்கோப்பின் நடுவுக்கு வரும்படி கன்னத் தாங்கி உயர வேண்டும். உயரம் போதாமல் கழுத்தைத் தூக்கிப் பார்ப்பவருக்கு ஒவ்வொரு முறையும் கண் வேறு இடத்தில் நிற்கும். டிரிகர் எடை 450 முதல் 900 கிராமுக்குள் வைத்துக்கொள்ளுங்கள். ஆக்‌ஷன் திருகுகளைத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கி, திருகுத் தலையிலிருந்து ஸ்டாக் வரை பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். கோடு விலகினால் திருகு தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்கோப்பும் சரிவு ரெயிலும்

ஸ்கோப் வாங்கும்போது எல்லோரும் பெரிதாக்கும் அளவைக் கேட்பார்கள். 4–16 அல்லது 6–24 போதும். அதைவிட முக்கியம் இரண்டு: பாரலாக்ஸ் (தூரத்துக்கு ஏற்ற குவியச் சரிசெய்தல்) 25 மீட்டருக்கோ அதற்கும் கீழோ இறங்க வேண்டும், மேல்நோக்கிய டர்ரெட் (குறியை நகர்த்தும் திருகு) பயணம் போதுமான அளவு இருக்க வேண்டும். முதல் ஃபோகல் பிளேன் (பெரிதாக்கும்போது குறிக்கோடும் சேர்ந்து பெரிதாகும் வகை), மில் கணக்கு ரெட்டிகிள் (உள்ளே தெரியும் குறிக்கோடு), மில் கணக்கு டர்ரெட் என்று ஒரே அலகாக வாங்குங்கள். மில், எம்ஓஏ இரண்டும் கோண அளவுகள்: 100 மீட்டரில் ஒரு மில் 10 செ.மீ., ஒரு எம்ஓஏ சுமார் 2.9 செ.மீ. ரெட்டிகிள் மில்லிலும் டர்ரெட் எம்ஓஏ-விலும் இருந்தால் ரேஞ்சில் நின்று வகுத்தல் போட வேண்டிவரும்.

டர்ரெட் பயணம் ஏன் முக்கியம் என்பதற்குக் கணக்கு இதோ. 50 மீட்டரில் ஜீரோ செய்து (குறிவைத்த இடத்திலேயே குண்டு விழும்படி ஸ்கோப்பை அமைத்து), 300 மீட்டருக்குப் போக சுமார் 16 மில் ஏற்ற வேண்டும். எம்ஓஏ-வில் 55. ஸ்கோப்பின் மொத்தப் பயணம் 60 எம்ஓஏ என்றால் நடுவிலிருந்து மேலே 30 மட்டுமே. அதில் 50 மீட்டர் ஜீரோவுக்கே 11 போய்விடும். நேர் ரெயிலில் (ரைஃபிள் மேல் ஸ்கோப் உட்காரும் பட்டை) மிஞ்சுவது 19 எம்ஓஏ, 150 மீட்டரை ஒட்டித் தீர்ந்துவிடும். முன்பக்கம் தாழ்ந்த 20 எம்ஓஏ சரிவு ரெயில் போட்டால் 39 கிடைக்கும், சுமார் 240 மீட்டர். 40 எம்ஓஏ ரெயில் போட்டால் 300-ம் எட்டும். ஆனால் 50 மீட்டர் ஜீரோவுக்கு டர்ரெட்டை ஏறக்குறைய அடிமட்டம் வரை இறக்க வேண்டிவரும், பக்கவாட்டுப் பயணமும் அங்கே குறுகிவிடும். மொத்தப் பயணம் 100 எம்ஓஏ உள்ள ஸ்கோப்பாக இருந்தால் 20 எம்ஓஏ ரெயிலே போதும். கையில் இருக்கும் ஸ்கோப்பின் எண்ணைப் போட்டு இதே கணக்கைச் செய்துவிட்டு ரெயில் வாங்குங்கள்.

பொருத்தும் முறை:

1. ரெயில் திருகுகளின் எண்ணெயைத் துடைத்து, நீல நிறத் திரெட் லாக்கரை ஒரு சொட்டு விட்டு, தயாரிப்பாளர் சொன்ன டார்க்கில் முறுக்கவும்.
2. ஸ்கோப்பைப் பிடிக்கும் ரிங்கின் மேல்பகுதித் திருகுகளை மாற்றி மாற்றிக் குறுக்காக முறுக்கவும். வழக்கமான அளவு 15–18 இஞ்ச்-பவுண்ட். கூடினால் ஸ்கோப் குழாய் நசுங்கும், உள்ளே ரெட்டிகிளைத் தாங்கும் எரெக்டர் குழாய் இறுகி டர்ரெட் தப்பாக நகரும்.
3. 25 மீட்டர் தள்ளித் தூக்குக்குண்டு நூல் தொங்கவிட்டு, ரைஃபிளை மட்டமாக நிறுத்தி, ரெட்டிகிளின் நெடுக்குக் கோட்டை நூலோடு ஒட்டவைக்கவும்.
4. குமிழி மட்டம் ஒன்றை ஸ்கோப்பில் மாட்டவும். இது அலங்காரமில்லை. 300 மீட்டரில் ரைஃபிள் ஒரு டிகிரி சாய்ந்தாலே குண்டு சுமார் 10 செ.மீ. பக்கவாட்டில் விலகும். சரிவான தரையில் படுத்திருக்கும்போது 3 டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியவே தெரியாது.

பிறகு டர்ரெட் சொன்னபடி நகர்கிறதா என்று சோதிக்க வேண்டும். 100 மீட்டரில் 120 செ.மீ. உயர அட்டை ஒன்றில் தூக்குக்குண்டு வைத்து நெடுங்கோடு வரையுங்கள். அடியில் ஒரு புள்ளியைக் குறிபார்த்து 5 தோட்டா. அதே புள்ளியைப் பார்த்து டர்ரெட்டை 10 மில் ஏற்றி இன்னொரு 5. இரு குரூப்களின் நடுப்புள்ளிகளும் சரியாக 100 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும். 97 வந்தால் உங்கள் டர்ரெட் 3 சதவீதம் குறைவாக ஓடுகிறது. அந்தத் திருத்தத்தைக் குண்டின் பாதையைக் கணக்கிடும் செயலியில் போட்டுவிடலாம். மேல் குரூப் கோட்டைவிட்டு விலகியிருந்தால் ரெட்டிகிள் சாய்ந்திருக்கிறது, மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.

தோட்டா: நேரமும் பணமும் போக வேண்டிய இடம்

சென்டர்ஃபயர்காரர்கள் (அடிப்பகுதியின் நடுவில் பற்றும் தோட்டாவைச் சுடுபவர்கள்) வீட்டில் தோட்டாவைத் தாங்களே நிரப்பிச் சரிசெய்துகொள்வார்கள். .22 போன்ற ரிம்ஃபயரில், அதாவது விளிம்பில் பற்றும் தோட்டாவில், அது முடியாது. பற்றவைக்கும் ரசாயனம் கேஸின் விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பப்பட்டிருக்கிறது. அது விளிம்பு முழுக்க ஒரே சீராகப் படியவில்லை என்றால் ஒவ்வொரு தோட்டாவும் கொஞ்சம் வேறு வேகத்தில் போகும். நமக்கு இருக்கும் ஒரே வழி, நம் குழலுக்கு ஒத்துவரும் லாட்டை (ஆலையில் ஒரே தொகுப்பாகத் தயாரான தோட்டாக்கள்) தேடிப்பிடித்து மொத்தமாக வாங்குவது.

ஹை வெலாசிட்டி வகை வேண்டாம். வினாடிக்கு 370–390 மீட்டரில் கிளம்பும் அந்தக் குண்டு, ஒலி வேகத்தைக் கடந்து கீழிறங்கும்போது தடுமாறும். காற்றில் விலகுவதும் மேட்ச் வகையைவிட அதிகம். வேகமான குண்டு காற்றுக்கு அசையாது என்று நினைப்போம், .22-இல் தலைகீழ். ஒலி வேகத்தை ஒட்டி இழுவை எகிறுவதால், அந்தக் குண்டு ஆரம்பத்திலேயே வேகத்தை இழக்கிறது, விலகலைத் தீர்மானிப்பது அந்த இழப்புதான். 20 டிகிரியில் ஒலி வேகம் 343 மீட்டர், 5 டிகிரி உறைநிலைக்குக் கீழே 328. கடுங்குளிரில் ஸ்டாண்டர்டு வெலாசிட்டியே (மேட்ச் வகையின் வேகம்) ஒலி வேகத்தைத் தொட்டுவிடும் என்பதால், கோடையில் நன்றாக ஓடிய லாட்டைக் குளிர்காலத்தில் மறுபடி சோதிக்க வேண்டும்.

எஸ்கே ஸ்டாண்டர்டு பிளஸ், எஸ்கே லாங் ரேஞ்ச் மேட்ச், லாப்புவா சென்டர்-எக்ஸ், இலே மேட்ச், இலே டெனெக்ஸ் என்று நான்கைந்து வகையில் தலா இரண்டு பெட்டி, 100 தோட்டா வாங்குங்கள். எஸ்கே-யும் லாப்புவா .22-ம் ஜெர்மனியின் ஷோனெபெக்கில் ஒரே ஆலையில் தயாராகின்றன. விலை குறைந்த எஸ்கே சில குழல்களில் சென்டர்-எக்ஸை முந்துவதும் உண்டு. விலையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

காற்றில்லாத காலை நேரம், 50 மீட்டர், முன்னால் பைபாட் (இரு கால் தாங்கி), பின்னால் மணல் பை, பக்கத்தில் வேகம் அளக்கும் குரோனோகிராஃப். வகை மாறும்போது முதல் 15–20 தோட்டாவைக் கணக்கில் சேர்க்காதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் குண்டின் மேல் பூசும் மெழுகு வேறு, குழலுக்குள் பழைய மெழுகு போய்ப் புதியது படிய அவ்வளவு ஆகும். இதைச் செய்யாமல் ஐந்து வகையை ஐந்தைந்து தோட்டாவாகச் சுட்டு 'இது சரியில்லை' என்று ஒதுக்குவதுதான் இந்தச் சோதனையில் நடக்கும் பொதுவான தவறு. படிந்த பிறகு 5 தோட்டாவாக 5 குரூப். 25 தோட்டாவின் வேகத்தையும் பதிவு செய்யுங்கள்.

நல்ல ரைஃபிளில் 50 மீட்டரில் சராசரி 10–15 மி.மீ. வர வேண்டும். வேகத்தின் ஸ்டாண்டர்டு டீவியேஷன் (சராசரியிலிருந்து சிதறும் அளவு) வினாடிக்கு 3 மீட்டருக்குள் இருந்தால் நல்ல லாட். அப்போதும் 20 தோட்டாவில் மிக வேகமானதுக்கும் மிக மெதுவானதுக்கும் 11 மீட்டர் வரை வித்தியாசம் வரும். 200 மீட்டரில் அதுமட்டுமே 13 செ.மீ. உயரப் பரவல். எனவே அங்கே 10 செ.மீ. தகட்டைத் தொங்கவிட்டு, பாதி தவறுகிறதே என்று கையை நொந்துகொள்வதில் பயனில்லை. 15–20 செ.மீ. தகடு நியாயமானது. குரூப் கொஞ்சம் பெரிதாக இருந்தும் வேகம் சீராக உள்ள லாட் ஒன்று, குரூப் சிறிதாக இருந்து வேகம் அலையும் லாட் ஒன்று என்று கையில் இருந்தால் 200 மீட்டருக்கு முதலாவதை எடுங்கள்.

தேர்ந்த வகையில் மூன்று நான்கு லாட் எண்களை மறுபடி இப்படிச் சோதித்து, வென்ற லாட்டில் ஒரு பருவத்துக்கு ஆகுமளவு வாங்கி வையுங்கள். சொந்தமாகச் செய்ய வசதியில்லை என்றால், லாப்புவாவின் ரிம்ஃபயர் சோதனை மையத்துக்கு ரைஃபிளைக் கொடுத்தால், பல லாட்களைச் சுட்டுப் பார்த்து அறிக்கை தருவார்கள். அமெரிக்காவில் அரிசோனாவின் மெசா நகரில் அப்படி ஒரு மையம் இருக்கிறது.

ஜீரோவும் தூர அட்டையும்

தேர்ந்த லாட்டில் 50 மீட்டரில் 10 தோட்டா சுட்டு, குரூப்பின் நடுவை வைத்து ஜீரோ செய்யுங்கள். மூன்று தோட்டாவை நம்பி டர்ரெட்டைத் திருகுவது, அடுத்த மூன்றுக்கு மறுபடி திருகுவது என்று போனால் பெட்டிதான் காலியாகும்.

செயலிக்கு வேண்டியவை: அளந்த சராசரி வேகம், குழல் மையத்திலிருந்து ஸ்கோப் மையம் வரை உயரம், வெப்பநிலை, காற்றழுத்தம், குண்டின் பிசி (காற்றின் இழுவையை எவ்வளவு தாங்கிப் போகிறது என்ற எண்). ஜி1 என்ற வழக்கமான இழுவை மாதிரியின் கணக்கில் பிசி 0.13–0.15-இல் தொடங்கலாம். .22-க்கென்றே உள்ள ஆர்ஏ4 இழுவை மாதிரி செயலியில் இருந்தால் அதை எடுங்கள், அதற்குரிய பிசி வேறு என்பதை மறக்க வேண்டாம். 327 மீட்டர் வேகம், 45 மி.மீ. ஸ்கோப் உயரம், கடல் மட்டம், மிதமான வெப்பநிலை, 50 மீட்டர் ஜீரோ என்று வைத்தால் தோராயமாக வருபவை:

- 100 மீட்டர்: 23 செ.மீ. கீழே, 2.3 மில். வினாடிக்கு 1 மீட்டர் குறுக்குக் காற்றில் 2.5 செ.மீ. விலகல்
- 150 மீட்டர்: 80 செ.மீ., 5.3 மில். காற்று 6 செ.மீ.
- 200 மீட்டர்: 1.7 மீட்டர், 8.5 மில். காற்று 10 செ.மீ.
- 250 மீட்டர்: 3.1 மீட்டர், 12.3 மில். காற்று 15 செ.மீ.
- 300 மீட்டர்: 4.8 மீட்டர், 16 மில். காற்று 21 செ.மீ.

இதை அப்படியே அட்டையில் எழுதி ஸ்டாக்கில் ஒட்டிவிடாதீர்கள். 100, 150, 200 என்று ஒவ்வொரு தூரத்திலும் பெரிய தாளில் 10 தோட்டா சுட்டு, குரூப்பின் நடு எங்கே விழுகிறது என்று அளந்து, செயலியின் பிசி-யை மாற்றி ஒத்துப்போகச் செய்யுங்கள். வேகத்தை அளந்தாயிற்று, அதைத் தொடாதீர்கள். 100-இல் சரியாகவும் 200-இல் தப்பாகவும் இருந்தால் பிசி தப்பு. 100-லேயே தப்பு என்றால் ஜீரோவையோ ஸ்கோப் உயரத்தையோ பாருங்கள்.

தூரத்தைக் கண்மதிப்பில் சொல்லிச் சுடுவது .22-இல் எடுபடாது. 300 மீட்டரை 290 என்று நினைத்தால் குண்டு கால் மீட்டர் கீழே விழும். லேசர் ரேஞ்ச்ஃபைண்டர் கட்டாயம். மிக அருகிலும் ஒரு வேடிக்கை உண்டு. போட்டியில் 10 மீட்டரில் சின்னத் தகடு வைத்தால், ஸ்கோப் குழலுக்கு மேலே இருப்பதால் 1.6 மில் ஏற்றித்தான் அடிக்க வேண்டும். அட்டையின் முதல் வரி 10 மீட்டராக இருக்கட்டும்.

காற்று

300 மீட்டர் போக குண்டுக்கு ஒரு வினாடிக்கு மேல் ஆகிறது. முகத்தில் படாத இளங்காற்றும் 20 செ.மீ. தள்ளிவிடும். நில அளவைக்காரர்கள் கட்டும் மெல்லிய பிளாஸ்டிக் நாடாவை ஒரு முழம் வெட்டி, குச்சியில் கட்டி, பாதையோரம் கால் தூரத்திலும் பாதி தூரத்திலும் நடுங்கள். இலக்கருகே ஆடும் கொடியைவிட உங்களுக்கு அருகே ஆடுவதற்கு மதிப்பு அதிகம், தொடக்கத்தில் திரும்பிய கோணம் கடைசிவரை வளர்ந்துகொண்டே போகும்.

எல்லா நிலைக்கும் தனித்தனியாகத் திருத்தம் போட முயலாதீர்கள். அன்றைக்கு அடிக்கடி வரும் ஒரு நிலையை, உதாரணமாக 'இடமிருந்து, நாடா 45 டிகிரி', தேர்ந்து அதற்கு டர்ரெட் அல்லது ரெட்டிகிள் திருத்தம் கண்டுபிடித்து, அது வரும்போது மட்டும் சுடுங்கள். நேரக் கெடு உள்ள போட்டியில் இந்தச் சலுகை கிடையாது. அதனால்தான் பயிற்சியில் வேறு நிலைகளுக்கும் என்ன வந்தது என்று எழுதிவைக்க வேண்டும்.

ஒரு நுணுக்கம்: வலத்திருகு ரைஃப்ளிங்கில், வலமிருந்து வரும் காற்று குண்டை இடப்பக்கம் தள்ளும்போதே சற்று மேலேயும் ஏற்றும். இடமிருந்து வருவது வலப்பக்கமும் கீழும். குரூப் கடிகாரத்தின் 10 மணியிலிருந்து 4 மணிக்குச் சரிந்து கிடந்தால் அது வேகக் கோளாறு இல்லை, நீங்கள் விட்டுவிட்ட காற்று.

உடல் நிலையும் டிரிகரும்

.22 பின்னுக்கு உதைக்காது என்பதால் பிடி தளர்ந்துவிடும். ஆனால் குண்டு குழலைவிட்டு வெளியேற 2–3 மில்லி வினாடி ஆகிறது, அந்த நேரத்தில் ரைஃபிள் அசைந்தால் அப்படியே இலக்கில் தெரியும். படுத்து, பைபாட்டில் லேசாக முன்னழுத்தி, பின்பையைப் பிழிந்து உயரம் சரிசெய்யுங்கள். கண்ணை மூடி இரண்டு மூச்சு விட்டுத் திறங்கள். ரெட்டிகிள் இலக்கைவிட்டு நகர்ந்திருந்தால் கையால் இழுத்துக் கொண்டுவராமல் இடுப்பை நகர்த்துங்கள். சுட்டபின் டிரிகரைப் பின்னாலேயே பிடித்து, ஸ்கோப் வழியே குண்டு படுவதைப் பார்த்த பிறகே விரலை விடுங்கள்.

வீட்டில் தோட்டா இல்லாமல் டிரிகர் இழுக்கும் வெறும் சுடுதல் பயிற்சிக்கு முன் கையேட்டைப் பாருங்கள். சில ரிம்ஃபயர்களில் ஃபயரிங் பின் சேம்பர் விளிம்பில் இடித்துத் தழும்பாக்கிவிடும். அதைத் தவிர்க்க ஸ்னாப் கேப் என்ற போலித் தோட்டாவைப் பயன்படுத்தலாம். சுவரில் திருகு பிடிக்க வைக்கும் 4-6 எண் மஞ்சள் பிளாஸ்டிக் ஆங்கரும் .22 சேம்பரில் கச்சிதமாக உட்காரும், விளிம்பு நசுங்கியதும் மாற்றிக்கொள்ளலாம். தோட்டா இருக்கும் அறையில் இந்தப் பயிற்சி கூடாது.

சுத்தம்

.22-இல் அடைவது குழலின் நடுப்பகுதி இல்லை. சேம்பருக்குச் சற்று முன்னால் கரி வளையமாக இறுகும். அறிகுறி: போல்ட் மூடும்போது லேசான கனம், நன்றாக இருந்த லாட்டில் திடீரென உயரப் பரவல். சில நூறு தோட்டாவுக்கு ஒருமுறை, போர் கைடு (ராடை நேராகச் செலுத்தும் குழாய்) செருகி, பூச்சுள்ள ஒரே துண்டு ராடால் கார்பன் சால்வெண்ட் நனைத்த துணியைச் சேம்பர் பக்கமிருந்து விட்டு, அந்த இடத்தில் பத்து நிமிடம் ஊறவிட்டு, நைலான் பிரஷ்ஷால் தேய்த்து, உலர்ந்த துணி சுத்தமாக வரும்வரை துடைக்கவும். ராடைக் குழல் முனையிலிருந்து நுழைக்காதீர்கள், முனை தேய்ந்தால் குரூப் திரும்பாது. சுத்தம் செய்த பிறகு மறுபடி 15–20 தோட்டா சுட்டு மெழுகு படியவிட வேண்டும். போட்டிக்கு முந்தின இரவு குழலைப் பளபளப்பாக்கிவிட்டு, காலையில் முதல் ஸ்டேஜிலேயே கணக்கைத் தொடங்குபவர்கள் அதற்கு விலை கொடுப்பார்கள்.